அரசிலை போட்ட ஸ்டாம்பு

சாந்தோம்,
12-7-1943

அன்புள்ள கனகராஜுக்கு,

இத்துடன் ஒரு ஸ்டாம்பு வைத்திருக்கிறேன். உறையைப் பிரிக்கும்போது அது கீழே விழுந்து, உன் கடையில் யாராவது பெருக்கித் தள்ளிவிடப் போகிறார்கள். ஜாக்கிரதையாகப் பிரி.

இது எந்தச் சங்கத்தார் போட்டது, எங்கே அச்சானது என்று நீ சொல்ல வேண்டும். நம் வழக்கப்படி முடிவை எழுத்தில் அனுப்பு. நேரில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், லூயிசா காபி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போவாள். தபாலுக்கு ஆகாத ஸ்டாம்பாகப் பார்த்துச் சேர்க்கிற இரண்டு பைத்தியங்களில் ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டதே போதும் என்கிறாள்.

விஷயம் இதுதான். நொச்சிக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் தேவானையை உனக்குத் தெரியாது. அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் படகு வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நேற்றுப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு மடியிலிருந்து இந்த ஸ்டாம்பை எடுத்து நீட்டினாள். சைக்கிளில் ஒரு ஆள் வந்து விற்கிறானாம். வாங்கி வீட்டில் ஒட்டி வைத்தால் காணாமல் போனவர் பெயர் விசாரணை ஆபீசுக்குப் போகும், தகவல் வரும் என்கிறானாம். “நீ இந்த மாரி ஸ்டாம்புல்லாம் பாக்கற ஆளாமே வாத்யாரே, இது நல்லதா சொல்லு” என்றாள். பார்த்தேன். அச்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, அந்த ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. ‘பர்மா அகதிகள் விசாரணை நிதி’ என்று மேலே இருக்கிறது, கீழே ஆபீஸ் விலாசம் கிடையாது. கையில் விளக்கு வைத்த பெண், சுற்றிலும் கொடி. எங்கேயோ பார்த்த முகம். சாயங்காலம் அவளிடம் இன்னொன்று கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தை நாக்கில் வைத்தேன். கனகராஜ், இத்தனை வருஷத்தில் எத்தனையோ நாட்டுப் பசையை நக்கியிருக்கிறோம். இப்படி ஒரு குமட்டலை நான் கண்டதில்லை. ஊசிப்போன கஞ்சியும் செத்த மாட்டின் தோலும் கலந்த வாடை. வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து ஓய்ந்தேன். ராத்திரி ரசத்திலும் அதே வாடைதான். இதைத்தான் எல்லாரும் நக்கி ஒட்டுகிறார்கள்.

இன்னொரு விஷயம். கிறிஸ்துமஸுக்கு நீ வாங்கிப்போன என் எஸ்தோனியா ஸ்டாம்பைத் திருப்பி அனுப்பு. ஆல்பத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

உன்,
அல்போன்ஸ்


தியாகராய நகர்,
14-7-1943

அன்புள்ள டிராயிங் வாத்தியாருக்கு,

ஸ்டாம்பு கிடைத்தது. விழவில்லை, நானும் பெருக்கவில்லை. கடையில் பெருக்குவதற்கு ஒரு நூல்கூடக் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள். துணிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வெறும் பலகைகளுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் முடிவு: பம்பாயில் ஏதோ ஒரு தர்ம சங்கம். யுத்த காலத்தில் இப்படி நூறு சங்கம் முளைக்கிறது. அச்சு கல்கத்தாவாக இருக்கலாம். ஆல்பத்தில் ஒட்டுவதற்கு லாயக்கில்லை. பசை நாறுகிறது என்றால், நல்ல பிசினெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது, மிச்சத்தில் இப்படித்தான் இருக்கும். நாக்கை நீட்டியது உன் தப்பு. ஒரு மீன்காரி வாங்கிய ஓரணா ஸ்டாம்புக்காக ராத்திரி ரசத்தைக் கெடுத்துக்கொண்டவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்.

உன் எஸ்தோனியா, ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது கட்டிய பெட்டிகளில் எதிலோ இருக்கிறது. தேடி அனுப்புகிறேன். அந்த நாடே இன்றைக்குத் தேசப்படத்தில் இல்லை. அதன் ஸ்டாம்பு எங்கே ஓடிவிடப் போகிறது?

இந்த மாதம் லஸ்ஸில் சந்திக்க வேண்டாம். பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓட்டும் பஸ்ஸில் ஏறினால் சட்டை கறுத்துவிடுகிறது.

உன்,
கனகராஜ்


சாந்தோம்,
16-7-1943

கனகராஜ்,

ஊரைக் காலி செய்துகொண்டு போனது சென்ற வருஷம் ஏப்ரலில். ஸ்டாம்பை நீ என்னிடம் வாங்கிப்போனது கிறிஸ்துமஸுக்கு. எட்டு மாதம் கழித்து உன் கைக்கு வந்த பொருள், ஏப்ரலில் கட்டிய பெட்டிக்குள் எப்படிப் போனது? எனக்கே காது குத்துகிறாயா?

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான், என்னிடம் இருக்கும் இன்னொன்றைப் பார்க்க லென்ஸை எடுத்தேன். முன்பே எடுத்திருக்க வேண்டும். கோயில் வாசலில் வெறும் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த ஸ்டாம்பின் நான்கு மூலையிலும் இலை இருக்கிறது. மூன்று மூலையில் இருப்பது நம் ஊரில் விளையாத மரத்து இலை, ஓரம் வளைந்து வளைந்து போகும். இடது பக்கம் கீழ் மூலையில் இருப்பது அரசிலை. நுனியில் நீள வால் வைத்த, நம் குளத்தங்கரை அரசிலை. எந்தத் தேசத்து ஓவியனும் இப்படி ஒரு கொடியை வரையமாட்டான். நான் வரைந்தேன்.

மறந்துவிட்டாயா? காசநோய்ச் சங்கத்துக்காக எஸ்தோனியாவில் போட்ட ஸ்டாம்பு அது. அதன் பாஷை என்னவென்று கண்டுபிடிக்க நாம் எத்தனை பேர் வாசலில் ஏறி இறங்கினோம், கடைசியில் பெல்ஜியத்துப் பாதிரியார்தான் சொன்னார். அந்த மூலை கிழிந்திருந்தது. நான் காகிதம் வைத்து ஒட்டி, மற்ற மூலைகளைப் பார்த்து மையால் இலை போட்டேன். இருபது வருஷமாகக் கரும்பலகையில் பிள்ளைகளுக்கு அரசிலை போட்டுக் காட்டிய கை, தானாக வாலை இழுத்துவிட்டது. நீ என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய். “எஸ்தோனியாவுக்கே பிள்ளையார் கோயில் கட்டிட்டீரே வாத்தியாரே” என்றாய். லூயிசாவுக்கும் நினைவிருக்கிறது.

அந்த வாலோடு அப்படியே அச்சுக்குப் பிளாக் எடுத்திருக்கிறாய். எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறாய். இல்லாமல் போன நாடு, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாய். பசையும் இப்போது புரிகிறது. துணிக்குக் கஞ்சி போடுகிற புளியங்கொட்டைப் பசையில் மாட்டுத் தோலைக் காய்ச்சித் தச்சர்கள் செய்கிற வஜ்ரப் பசையைக் கரைத்திருக்கிறாய். உன் கடைப் பின்கட்டில் அந்த அண்டாவை நானே பார்த்திருக்கிறேன்.

உன் கையெழுத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பம்பாய் என்று எழுதினாயே, கல்கத்தா என்று எழுதினாயே. நான் கேள்வி கேட்டால் நீ முடிவு சொல்வதும், நீ கேட்டால் நான் சொல்வதும் எத்தனை வருஷ வழக்கம். அதில் ஒரு பொய்கூட இருந்ததில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆல்பத்தைத் திறந்தால் நீ அடையாளம் சொன்ன ஒவ்வொரு ஸ்டாம்பையும் சந்தேகமாகப் பார்க்கிறேன்.

விற்பனையை இன்றே நிறுத்து. இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே வா. இரண்டு பேரும் நொச்சிக்குப்பம் போவோம். தேவானையிடம் நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அவள் முன்னால் நின்று சொன்னால், அதற்குப் பிறகு உன்னோடு பேசலாமா என்று யோசிப்பேன்.

அல்போன்ஸ்


தியாகராய நகர்,
20-7-1943

அல்போன்ஸ்,

அருவருப்பு என்று எழுத உனக்கு வசதி இருக்கிறது. மாதம் பிறந்தால் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வருகிறது. யுத்தம் வந்தாலும் பிள்ளைகள் இலை வரைந்துதானே ஆக வேண்டும்.

ஆமாம், நான்தான் அச்சடித்தேன். முன்பு கடைக்குக் காலண்டர் போட்டுக் கொடுத்த பிரஸ். முதல் தாளை அடித்தபோது பணத்தை ஒழுங்காக அனுப்பிவிடத்தான் நினைத்தேன். நீ நம்பமாட்டாய். எந்த ஆபீஸ், யாருக்கு எழுதுவது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்படியே விசாரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். அதற்குள் வீட்டில் அரிசி வேண்டும் என்றார்கள். பெயர் ஆபீசுக்குப் போகும் என்று நான் சொல்லச் சொல்லவில்லை. சைக்கிளில் போன ஆள் தானாகச் சேர்த்துக்கொண்டான். சேர்த்த பிறகு நன்றாக விற்கிறது என்றான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் என் குற்றம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். உங்கள் பக்கத்தில் மூன்று வாரம் சுற்றியும் என் ஆளிடம் நாலு பேர்கூட வாங்கவில்லை. பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகல், பை காலியாகி வந்து நின்றான். என்னப்பா என்று கேட்டால், கோயில் வாசலில் ஒரு வாத்தியார் ஸ்டாம்பைக் கையில் வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, “அசல் ஸ்டாம்புதான், தைரியமாக வாங்கலாம்” என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னாராம். பட்டினப்பாக்கத்திலிருந்துகூட ஓடி வந்து வாங்கினார்களாம். அச்சு சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதாகத்தானே எனக்கு எழுதியிருந்தாய்? அசல் என்று சொன்னதை ஏன் எழுதவில்லை?

உன்னைக் கேட்டது ஒரு மீன்காரி. கேட்டதும் உனக்குக் குளிர்ந்துபோயிருக்கும். லென்ஸ்கூட வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்று காட்ட வேண்டும். உன்னை எனக்குத் தெரியாதா? நான் அச்சடித்தது காகிதம். அதை விற்றது உன் வாய்.

நிறுத்திவிட்டேன். மிச்சத் தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எரியும்போதும் அந்த வஜ்ர நாற்றம்தான், வீடு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். இதோடு விட்டுவிடுவோம். அவளிடம் போய்ச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம்? புருஷன் வருவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பையும் நாம் போய்ப் பிடுங்க வேண்டுமா?

இத்துடன் வேறொரு உறை வைத்திருக்கிறேன். நீ பல வருஷமாகக் கண் வைத்திருக்கும் என் பர்மா கோர்ட்டு ஸ்டாம்புகள், முழுத் தொகுதி. எனக்கு இனி பர்மா என்ற பேரே வேண்டாம். வைத்துக்கொள்.

கனகராஜ்


சாந்தோம்,
26-7-1943

கனகராஜ்,

நேற்றுக் காலை ஒன்பது மணி வரைக்கும் வாசலில் நின்றேன். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் நின்றேன்.

நீ எழுதியது உண்மை. அசல் என்றுதான் சொன்னேன். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. தெருவில் மீன் விற்கிறவளும் தேடி வந்து கேட்கிற ஆளாகிவிட்டோமே என்று நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தேன். இப்போது அதை நினைத்தால் அந்தப் பசையின் ருசி வாயில் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய உறையைத் தொடாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேஜைமேல் வைத்தேன். ராத்திரி திறந்தேன். லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பக்கத்தில் எப்படி ஒட்டலாம் என்று பென்சிலால் கட்டம்கூடப் போட்டேன். கட்டம் போட்ட பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. லூயிசா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் இத்துடன் திருப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

குப்பத்துக்குத் தனியாகத்தான் போனேன். மழை பெய்து, படகுகளுக்கு நடுவே மீன் குடலும் சகதியுமாகக் கிடந்தது. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டுதான் நடந்தேன். நமக்கு அந்த நாற்றம் பெரிதாகத் தெரிகிறது. உன் ஸ்டாம்பை அவர்கள் நக்கியபோது எதுவும் தெரிந்திருக்காது.

தேவானை என்னைக் கண்டதும், “இன்னா வாத்யாரே, மீன் வோணும்னா நானே வர்ற மாட்டனா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “சேதி எதுனா வந்துகீதா?” என்றாள்.

குடிசைக்குக் கதவு என்று இருப்பது உடைந்த படகின் பலகை. அதன் உள்பக்கம் முழுக்க உன் ஸ்டாம்புகள். வரிசையாக ஒட்டி ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்திருக்கிறாள். வரிசைக்குக் கீழே விளக்கு. பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். அவர்களுடைய ஆட்களும் பர்மாவில்தான்.

நான் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. இதை அச்சடித்தவன் ஏமாற்றுக்காரன், இதைப் பார்த்து நல்லது என்று சொன்ன நான் முட்டாள், இதற்கு ஆபீஸ் கிடையாது, எந்தப் பெயரும் எங்கேயும் போகவில்லை என்றேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள், வரவில்லை. வஜ்ரம், எப்படி வரும்? அதுவும் உப்புக்காற்றில் இறுகியிருக்கிறது. நானும் சேர்ந்து சுரண்டினேன். என் நகத்தில் குங்குமமும் பசையும் ஏறி, இன்னும் போகவில்லை.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் கேட்டது இதுதான்: “செரி வாத்யாரே, இது பொய் ஸ்டாம்பு. அப்போ நெச ஸ்டாம்பு எங்க விக்கிறாங்கோ? அத்தக் காட்டு, வாங்கி ஒட்டறேன்.”

அப்படி ஒன்று கிடையாது என்றேன். “இல்லாத ஒண்ண எவனாச்சும் பொய்யாப் பண்ணுவானா? நெசம்னு ஒண்ணு கீதுனாதான் பொய்யும் வரும்” என்றாள். எல்லாப் போலிக்கும் ஓர் அசல் உண்டு என்று நாமும் அப்படித்தானே ஆல்பம் ஆல்பமாகத் தேடிக்கொண்டிருந்தோம்?

நீ போ, கனகராஜ். எனக்கு இனிமேல் எழுத வேண்டாம். அவளுக்குப் பதில் சொல். போலி செய்தவன் வாயால் சொன்னால்தான் ஸ்டாம்பு மேல் அவளுக்குள்ள நம்பிக்கை விட்டுப்போகும். விட்டால்தான் உண்மையான விசாரணைக்கு எங்கேயாவது மனு எழுதச் சொல்லலாம், நானே எழுதித் தருகிறேன். வீட்டை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. கதவைத் திறந்தால் அரசிலை தெரியும்.

அல்போன்ஸ்


தியாகராய நகர்,
2-8-1943

அல்போன்ஸ்,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் போனேன். உன் எஸ்தோனியாவைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். இதைப் பார்த்துத்தான் அச்சடித்தேன் என்று காட்ட நினைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

கடையில் உட்காரும் உடையிலேயே போய்விட்டேன். சரிகை அங்கவஸ்திரம், கையில் தோல் பை. அதுதான் கெடுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஆபீசுலேர்ந்தா வர்ற நைனா? நெச ஸ்டாம்பு ஆபீசா?” என்றாள். பக்கத்துக் குடிசைகளிலிருந்து பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி மரப்பெட்டியைக் கவிழ்த்து, தன் முந்தானையாலேயே துடைத்து, என்னை உட்காரச் சொன்னாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நானோ ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் ஆட்களின் பெயரைச் சொன்னார்கள். தோல் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டேன். ஒரு கிழவி தன் மகனுக்கு இடது காதில் வடு இருக்கிறது, அதையும் எழுதிக்கொள் என்றாள். எழுதினேன். என்னை எனக்கே துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

உன் ஸ்டாம்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அந்தப் பெயர்கள் எழுதிய காகிதம் என்னிடம் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. எழுதமாட்டாய் என்று தெரியும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தேவானை முதலில் என்னை முழுசாக நம்பவில்லை. சைக்கிளில் வந்தவனையும் நம்பித்தானே ஏமாந்தாள்? அங்கவஸ்திரத்தையும் பையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உன்ன ஆரு அனுப்ச்சாங்கோ?” என்று கேட்டாள்.

வாத்தியார்தான் அனுப்பினார் என்றேன். உடனே நகர்ந்து வழி விட்டு, கதவை அகலத் திறந்து வைத்தாள்.

கனகராஜ்